எதிரெதிர் ரசிகர் குழுக்களுக்குள் கால்பந்துப் போட்டி: குழுவே அணியா, குலுக்கிப் போட்ட கலப்பு அணியா?

நடுக்களம், எச்.எஸ்.ஆர். லேஅவுட்:

வணக்கம். பெங்களூரில் பணிபுரியும் தமிழர்கள் இணையத்தில் நடத்தும் ஆறு ரசிகர் குழுக்கள் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் என்று எழுவர் கால்பந்துப் போட்டி நடத்தத் தீர்மானித்துள்ளன. இங்கிலாந்துக் கிளப்புகளான மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி ஆகியவற்றின் ரசிகர்களோடு பெங்களூரு எஃப்.சி., சென்னையின் எஃப்.சி. ரசிகர்களும் வருகிறார்கள். இரவெல்லாம் வசைபாடிக்கொள்பவர்கள் நேரில் ஒருமுறை பந்து உதைத்தால் முகம் பார்த்துப் பேசப் பழகுவார்கள் என்பது நிர்வாகிகளின் எண்ணம். ஆனால் ஒவ்வொரு குழுவும் தனி அணியாக இறங்க வேண்டும் என்று ஒரு சாராரும், எல்லோர் பெயரையும் குலுக்கிப் போட்டுக் கலப்பு அணிகள் அமைக்க வேண்டும் என்று மறு சாராரும் பிடிவாதமாக நிற்கிறார்கள். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டியில், பெங்களூரை அதன் சொந்த மண்ணிலேயே சென்னை 3-2 என்று வென்றதைச் சொல்லிச் சொல்லி அந்த இரு குழுக்களும் இன்றும் மோதிக்கொள்வதால், கலப்பு அணியே பாதுகாப்பானது என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அல்சூர் பத்தாம் எண்:

நண்பரே, குழுக்களே அணிகளாக இறங்கட்டும். தன் கிளப்பின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எதிராளியைத் தோற்கடிக்கலாம் என்ற ஆசையில்தான் பாதிப் பேர் வருவார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்த ஊரில் எல்லா டர்ஃபிலும் (வலை கட்டிய செயற்கைப் புல் திடல்) வாராவாரம் நடக்கும் சாதாரண ஆட்டமே. பகைமையை ஒழிக்கப் பார்க்காமல், அதற்கு விதிகளால் வேலி போடுங்கள்.

முதல் விதி வெளியாட்களைப் பற்றியது. கர்நாடக மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் லீக்கில் ஆடும் பையன்கள் நம் பகுதியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அரையிறுதி நெருங்கும்போது அவர்களில் ஒருவர் திடீரென்று யாரோ ஒரு கிளப்பின் தீவிர ரசிகராக மாறிவிடுவார். போட்டியை அறிவித்த நாளுக்கு முன்பே குழுவில் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று எழுதி, பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்னதாக எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, நடுவரிடம் வாய் பேசுவது. இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் 2019-20 பருவத்திலிருந்து, நடுவரை எதிர்த்துப் பேசுபவரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கிறார்கள். மொத்த ஆட்ட நேரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது கணக்கு என்பதால், உங்கள் முப்பது நிமிட ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் போதும். எழுவர் ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தாலே அணி திணறும் என்பதால், சொந்த அணியினரே அவர் வாயை அடைத்துவிடுவார்கள்.

மூன்றாவதாக, பாதியில் வெளியேறினால் என்ன தண்டனை என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2023 மார்ச்சில் கண்டீரவாவில் பெங்களூரின் சுனில் சேத்ரி எதிரணி தயாராகும் முன்பே விரைவாக அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோலாக ஏற்றபோது, கேரளா பிளாஸ்டர்ஸ் அணி கூடுதல் நேரத்தின் நடுவே மைதானத்தை விட்டுப் போனது. அந்த அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்துப் போட்டித் தடையும் கிடைத்தன. தொழில்முறை வீரர்களுக்கே அந்தக் கோபம் வரும்போது ஐ.டி. ஊழியர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம்.

வலது விங், கோரமங்கலா:

பத்தாம் எண்ணின் விதிகள் நல்லவைதாம்; ஆனாலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில குழுக்களில் ஆடத் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். சிலவற்றில் பேசத் தெரிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். பலவீனமான குழு ஏழு கோல், எட்டுக் கோல் வாங்கினால், அந்த வாரம் முழுவதும் அவர்களைக் கேலி செய்யும் படங்கள் சுற்றும். சமாதானத்துக்காக நடத்திய போட்டி புதிய பகைக்குத் தீனியாகும். இத்தாலியில் 1997 முதல் தீவிர ரசிகர் குழுக்களையும் புலம்பெயர்ந்தோரையும் ஒன்றாக ஆட வைத்த ‘மொண்டியாலி ஆண்டிராசிஸ்டி’ (இனவெறிக்கு எதிரான உலகக் கோப்பை) என்ற போட்டி நடந்துவந்திருக்கிறது. அங்கே வெற்றியைவிடச் சேர்ந்து ஆடுவதற்கே மதிப்பு. ஆகவே காலையில் குழு அணிகள் ஆடட்டும், மாலையில் இறுதிப் போட்டிக்கு முன்னால் குலுக்கிப் போட்ட கலப்பு அணிகளின் ஆட்டம் ஒன்று இருக்கட்டும். குழுக்களில் உள்ள பெண்களுக்கும் இதில் இடம் ஒதுக்குங்கள். உங்கள் கேள்வியில் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

கௌதமபுரத்துப் பெரியவர்:

தம்பிகளே, களத்துக்குள் நடப்பதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் ஆடியபோது, இரு வீரர்களுக்குள் எழுந்த மோதல் பார்வையாளர்களிடம் பரவி, 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். உங்கள் டர்ஃபில் அவ்வளவு கூட்டம் வரப்போவதில்லை. ஆனால் வலைக்கு வெளியே நிற்பதற்கு இருக்கும் ஒரே குறுகிய நடைபாதையில் இரு தரப்பாரும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள் என்பதை மறக்காதீர்கள். ஆடாத அணிக்குக் கோடு பார்ப்பது, ஸ்கோர் எழுதுவது, பந்து எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகளைக் கட்டாயமாக்குங்கள். வேலையில் இருப்பவனுக்குக் கூச்சல் போட நேரம் இருக்காது. எந்தக் குழுவையும் சேராத நடுவரைக் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள்; அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெங்களூரில் வளர்ந்த நம் பூங்கம் கண்ணன், அதே மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர். வீரன் இரண்டு சட்டையும் போடுகிறான். ரசிகன்தான் ஒன்றைக் கழற்ற மறுக்கிறான்.

நடுக்களம்:

அனைவருக்கும் நன்றி. குழுக்களையே அணிகளாக வைத்து, மாலையில் ஒரு கலப்பு ஆட்டம் சேர்ப்பதாக முடிவு செய்துள்ளோம். பெண்கள் இருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்று மூன்றாக இரு பிரிவுகள், பிறகு அரையிறுதி, இறுதி என்று மொத்தம் ஒன்பது ஆட்டங்கள். இடைவேளையையும் சேர்த்து ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் ஆறு மணி நேரம் ஆகிறது. பெங்களூரையும் சென்னையையும் வெவ்வேறு பிரிவில் வைக்கலாமா?

அல்சூர் பத்தாம் எண்:

வேண்டாம். பிரித்து வைத்தால் அவர்கள் அரையிறுதியிலோ இறுதியிலோ, களைப்பும் வெயிலும் ஏறிய நேரத்தில், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் சந்திப்பார்கள். ஒரே பிரிவில் போட்டுக் காலை ஏழு மணிக்கு முதல் ஆட்டமாகவே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பார்க்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். தோற்றவர்களுக்கும் இன்னோர் ஆட்டம் மிச்சம் இருக்கும்.