செங்குத்து டிராப்அவுட்டுக்கு டென்ஷனர் வேண்டுமா?

பழைய இரும்பு:
"டென்ஷனர் மாட்டுகிறவர்களுக்குப் பல் கணக்குத் தெரியாது" என்று ஒற்றைப்பல் நேற்று எழுதியிருக்கிறார். பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கையைப் பொருத்தமாகத் தேர்ந்தாலே செயின் இறுக்கமாக நிற்கும், தொய்வை எடுக்கும் சிறு உருளையான டென்ஷனர் வேண்டாம் என்பது அவர் வாதம். கியர் சைக்கிளை ஒற்றை வேகத்துக்கு மாற்ற நினைக்கும் புதியவர்கள் அதை நம்பிப் பாகங்கள் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பின்சக்கர அச்சு அமரும் பிளவு, அதாவது டிராப்அவுட், கிடைமட்டமாக இருந்தால், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினின் தொய்வை எடுத்துவிடலாம். செங்குத்தாக இருந்தால் அச்சு முன்பின் நகராது. ஆகவே டென்ஷனர் வேண்டும்.

ஒற்றைப்பல்:
என் பிரேமில் டிராப்அவுட் செங்குத்துதான். முன்னால் 42 பல், பின்னால் 16 பல், செயினில் ஒரு அரைக்கண்ணி (வழக்கம்போல் இரண்டிரண்டாக அல்லாமல் ஒற்றைக் கண்ணியாகச் செயினை நீட்டும் துண்டு); டென்ஷனர் இல்லாமல் கச்சிதமாக ஓடுகிறது. கணக்குப் போடச் சோம்பல்படுகிறவர்கள்தாம் செயினுக்கு ஊன்றுகோல் கொடுக்கிறார்கள்.

பழைய இரும்பு:
புதுச் செயினில் ஓடும். அதை யார் மறுத்தார்கள்? நூறு கண்ணிச் செயினின் நீளம் 1270 மில்லிமீட்டர். தேய்மானத்தால் அது அரை சதவீதம் நீண்டாலே ஆறு மில்லிமீட்டருக்குமேல் கூடிவிடும். அந்தத் தொய்வை எடுக்கச் சக்கரம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். தங்கள் பிரேமில் அது எங்கே போகும்?

ஒற்றைப்பல்:
அதற்கும் வழி உண்டு. பற்களின் கூட்டுத்தொகையை 58 ஆகவே வைத்துக்கொண்டு 43-15 என்று மாற்றினால், பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே செயின் கேட்கும் இடைவெளி சற்றே மாறும். இதைத்தான் பல் கணக்கு என்றேன்.

பழைய இரும்பு:
"சற்றே" என்றால் எவ்வளவு என்று தாங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வேண்டியது மூன்று. அந்த அரை மில்லிமீட்டருக்காக 2.63 என்றிருந்த விகிதம் 2.87 ஆகிவிடும், மேட்டில் கால்தான் வீணாகத் திணறும். இரண்டு பற்சக்கரங்களைப் புதிதாக வாங்குகிறவருக்கு ஒரு டென்ஷனர் வாங்குவதில் மட்டும் என்ன கௌரவக் குறைவு? கியர் மாற்றும் பழைய பின் டெரெய்லரையே கழற்றாமல் அந்த இடத்தில் விட்டுவைத்தாலும் வேலை நடக்கும்.

மலைச்சாலை:
செயினில் எவ்வளவு தொய்வு வரை அனுமதிக்கலாம் என்பதை இருவருமே சொல்லவில்லையே? கூடவே இன்னொன்று: டென்ஷனரைவிட முதலில் பார்க்க வேண்டியது செயின் கோடு. கேசட் (பின் கியர்ப் பற்சக்கரங்களின் அடுக்கு) அமரும் சக்கர நடுப்பகுதியான ஹப்பில் ஸ்பேசர் வளையங்களை மாற்றி அடுக்கி, பின் பற்சக்கரத்தை முன் பற்சக்கரத்துக்கு நேராகக் கொண்டுவராவிட்டால் எதை மாட்டினாலும் செயின் கழன்று விழும். கேசட்டிலிருந்து உருவிய பற்சக்கரமும் வேண்டாம். கியர் எளிதில் மாறுவதற்காகவே அதன் பற்களைக் குட்டையாகவும் ஓரம் சரித்தும் செய்திருப்பார்கள்.

ஒற்றைப்பல்:
செயின் கோட்டைப் பற்றி மலைச்சாலை எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சென்ற மாதம் 1/8 அங்குல அகலச் செயின்தான் வலுவானது என்று சாதித்தவர் அவர்தானே? அதைவிடக் குறுகிய 3/32 அங்குலச் செயினே போதும் என்று நான் சொன்னபோது சிரித்தார்.

மலைச்சாலை:
இப்போதும் சிரிக்கிறேன். 1/8 அங்குலப் பற்சக்கரத்தின் பல்மீது 3/32 செயின் ஏறவே ஏறாது. 1/8 செயினோ இரண்டு வகைப் பல்லிலும் ஓடும். பாகம் வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒற்றைப்பல்:
ஓடும், சத்தத்தோடு ஓடும்.

பழைய இரும்பு:
பேச்சைத் திருப்ப வேண்டாம். அச்சைச் சற்று நகர்த்தித் தரும் மையம் விலகிய ஹப், அதே முறையில் பெடல் தண்டான கிராங்கை நகர்த்தும் மையம் விலகிய பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சுத் தொகுதி) ஆகியவற்றை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தால் நானே வரவேற்றிருப்பேன். அவை விலை கூடியவை, ஆனால் நேர்மையான வழிகள். பல்லை எண்ணிவிட்டால் செயின் தேயாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒற்றைப்பல்:
தேயாது என்று நான் எங்கே எழுதினேன்? தேய்ந்தால் புதுச் செயின் மாட்டுவேன். டென்ஷனரின் சிறு உருளை மட்டும் தேயாதா?

பழைய இரும்பு:
தேயும். தேயும்வரை செயினைத் தாங்கிப் பிடிக்கும், செயினை மேல்நோக்கித் தள்ளும் வகையானால் பின் பற்சக்கரத்தில் செயின் கூடுதல் பற்களைத் தழுவவும் செய்யும். தங்கள் 42-16 சைக்கிளின் செயினை அளந்து, அரை சதவீதம் நீண்ட பிறகும் கழலாமல் மேடு ஏறுகிறதா என்று இங்கே எழுதுங்கள்.

ஒற்றைப்பல்:
அளந்து காட்ட நான் தங்கள் மாணவன் அல்லன். அதே 42-16, அதே அரைக்கண்ணி, டென்ஷனர் இல்லை.