சீதன வீடு அவளுடையது, வெளியே நின்றதும் அவள்தான்

புருஷன் அடித்தாலும் விவாகரத்து எடுக்காமல் ஒன்றும் செய்ய ஏலாதாம் என்று இங்கே ஒரு அக்கா எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் இரண்டு வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தியின் மகளுக்கு யாழ்ப்பாணத்திலேயே கலியாணம். வீடு சீதனமாக அவள் பெயரில் எழுதியது. ஒரு சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வந்தவள் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் வாங்கினாள், அவள் வலக்கைக்காரி. சட்டையை மெல்ல மடித்துப் பார்த்தால் முழங்கைக்கு மேலே புருஷனின் நாலு விரலும் நாவற்பழ நிறத்தில் பதிந்திருந்தன.

பொலிஸுக்குப் போனோம். "பிள்ளையின்ர முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போங்கோ தங்கச்சி" என்றார்கள். அவனைக் கூப்பிட்டு, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள்தான். பிறகு ஒரு இரவு பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய வீட்டில் அவன், சித்தி வீட்டுப் பாயில் அவள்.

பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் வழி காட்டினார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்கு விவாகரத்து வழக்குத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் தானே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸும் கேட்கலாம். அதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை! அவசரம் என்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாளுக்குள் விசாரணை, அப்புறம் 12 மாதம் வரைக்கும் கட்டளை தரலாம். அவன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் அதில் போடலாம். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

நீதிமன்றத்தில் அவள் கைலேஞ்சியைப் பிழிந்த பிழியில் ஓரத் தையலே பிரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் குரல் தடுமாறாமல் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் தன் வீட்டுப் படலையைத் தானே திறந்து உள்ளே போனாள்.

காயம் இருந்தால் ஆறும்வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிய வையுங்கள். எங்களுக்கு அந்த அறிக்கை பெரிய பலமாக இருந்தது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கட்டினவன் பலவந்தப்படுத்தினால், நீதிமன்றம் ஏற்கெனவே இருவரையும் பிரித்து வைத்திருந்தால் ஒழிய, தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு அதை வன்புணர்வாக எடுப்பதில்லை. அவள் வாய் திறந்து சொல்லாத இரவுகளுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

அக்கா, நீங்கள் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று தனியாக எழுதுங்கள். நீதிமன்றத்துக்கு நானும் கூட வருகிறேன்.