நார்ஃபோக் தீவின் சட்டமன்றத்தை ஆஸ்திரேலியா கலைத்தது நியாயமா?

கடலோடி:
பசிபிக்கில், நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே 35 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு. மக்கள் 2,000 சொச்சம். 1979 முதல் அவர்களுக்குச் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. 9 உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் முதலமைச்சர். குடியேற்றம், சுங்கம், தபால், தொலைபேசி எல்லாம் தீவின் கையில். வருமான வரி கிடையாது. 2015 மே மாதம் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெர்ராவில் இருக்கும் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தச் சட்டமன்றத்தையே ஒழித்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், மே 8 அன்று, தீவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் அரசியல் நிலையை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், எங்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள் என்று மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொன்னார்கள். யார் காதிலும் ஏறவில்லை. இதை ஜனநாயகம் என்று யாராவது வாதாட முடியுமா?

வரிக்குதிரை:
நான் வாதாடுகிறேன். பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கஜானாவில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டீர்களே! சுற்றுலாவை நம்பிய ஊர். இறக்குமதி வரி, 2007இல் கொண்டுவந்த ஜிஎஸ்டி, கொஞ்சம் தபால்தலை விற்பனை, இவைதான் முக்கிய வருமானம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். தீவு அரசே நடத்திய நார்ஃபோக் ஏர் கையைக் கடித்து 2012இல் நின்றுபோனது. இதற்கிடையே 2010இலேயே முதலமைச்சர் டேவிட் பஃபெட் கான்பெர்ராவுக்கு அறிவித்துவிட்டார்: நிதி உதவி தாருங்கள், ஆஸ்திரேலிய வரி முறைக்குள் வருகிறோம் என்று. கைநீட்டிப் பணம் வாங்கிய பிறகு கணக்குக் கேட்டால் கோபம் வருவதா?

கடலோடி:
என் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள், நன்றி. பஃபெட் வரிக்குத்தான் சம்மதித்தார், சட்டமன்றத்தைக் கலைக்கச் சம்மதிக்கவில்லை. வரி கட்டுகிறேன் என்று முன்வந்தவனிடம் வாக்கையும் சேர்த்துப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

வரிக்குதிரை:
சரி, பணத்தை விடுங்கள். அந்தத் தீவின் தொலைபேசிப் புத்தகத்தில் பட்டப்பெயரை வைத்து ஆளைத் தேடலாம், தெரியுமா? பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்த மாலுமிகளின் வம்சத்தார் 194 பேர் பிட்கெயர்ன் தீவிலிருந்து வந்து 1856 ஜூன் 8 அன்று இங்கே இறங்கினார்கள். கிறிஸ்டியன், குயின்டால், ஆடம்ஸ், மெக்காய் என்று அதே குடும்பப் பெயர்கள்தான் இன்றும் சுற்றிச் சுற்றி வரும். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாது. இப்படி ஊரே உறவாக இருக்கும் இடத்தில் மச்சான் கடையின் மேல் வரி போடும் அமைச்சர் எங்கிருந்து வருவார்? சின்ன ஊரின் அரசியல் இனிமையானது என்று நினைப்பவர்கள் ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலைப் பார்த்துவிட்டு வரட்டும்.

நிலா_ஆக்லாந்து:
நியூசிலாந்தோடு இணைந்திருக்கும் நியூவே தீவைப் பாருங்கள், வரிக்குதிரை. நார்ஃபோக்கை விட மக்கள் குறைவு. அங்கேயும் எல்லாரும் சொந்தம்தான். 1974 முதல் தன்னாட்சி நடக்கிறது, 20 பேர் கொண்ட சட்டமன்றம் இருக்கிறது. எந்த வெலிங்டன் அரசும் அதைக் கலைக்கவில்லையே?

வரிக்குதிரை:
நியூவேயின் வரவுசெலவில் நியூசிலாந்து உதவி எவ்வளவு என்றும் பாருங்கள், அம்மா. நியூவேயர்களில் பெரும்பாலானோர் இப்போது உங்கள் ஆக்லாந்தில்தானே இருக்கிறார்கள்? தன்னாட்சி இருந்தது, ஆள் இல்லை.

நிலா_ஆக்லாந்து:
உதவி தருகிறார்கள், ஆனால் கலைக்கவில்லை. நான் கேட்டது அதைத்தான்.

பழையசோறு:
நம்ம வார்டு கவுன்சிலர் பெயரே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பசிபிக் தீவுக்கு இப்படி ஒரு சண்டை. நடத்துங்க, நடத்துங்க.

வரிக்குதிரை:
கலைத்த பிறகு என்ன கெட்டுப்போனது, அதையும் பேசலாமே? 2016 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் ஓய்வூதியமும் மெடிகேர் மருத்துவ வசதியும் தீவுக்கு வந்தன. ஆட்சிக்கு 5 பேர் கொண்ட உள்ளாட்சி மன்றம் கொடுத்தார்கள். அதுவும் பணச் சிக்கலில் மாட்டி 2020 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டது. விசாரணை வைத்து உறுப்பினர்களை நீக்கிவிட்டு நிர்வாகியைப் போட்டார்கள். உள்ளாட்சியையே சமாளிக்க முடியாதவர்களுக்கு நாடாளும் ஆசை.

கடலோடி:
அந்த மன்றத்தின் தலையில் எதையெல்லாம் கட்டினார்கள் என்று பார்த்தீர்களா? விமான நிலையம், மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும்! ஆஸ்திரேலியாவில் வேறு எந்த நகராட்சி தொலைபேசிக் கம்பெனி நடத்துகிறது? பெரிய கப்பல் ஒதுங்கத் துறைமுகம்கூட இல்லாத தீவு அது. கப்பல் கடலிலேயே நிற்கும். சரக்கைத் தோணியில் இறக்கி, மோட்டார் படகு இழுத்துக்கொண்டு வந்தால், கிங்ஸ்டன் அல்லது கேஸ்கேட் துறையில் கிரேன் வைத்துத் தூக்குவார்கள். அலை பெரிதாக இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கப்பல் காத்துக் கிடக்கும். ஒரு மாநிலம் செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டு, வருமானத்துக்கு நிலவரியைக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக நிலவரியே கட்டாத குடும்பங்கள் அவை. மன்றம் தடுக்கி விழுந்ததில் என்ன அதிசயம்?

இன்னொன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டங்களைத் தீவின் மேல் விரித்தார்கள். 2022 முதல் பள்ளியும் மருத்துவமனையும் குயின்ஸ்லாந்து வசம். இந்த இரண்டு மாநிலத் தேர்தல்களிலும் தீவுக்காரருக்கு வாக்கு கிடையாது. மத்தியத் தேர்தலில் வாக்கு உண்டு, ஆனால் கான்பெர்ரா பக்கத்து பீன் தொகுதியில். ஏறக்குறைய ஒரு லட்சம் நகரத்து வாக்காளர்களுக்கு நடுவில் இவர்கள் ஆயிரம் சொச்சம். அந்த எம்.பி. இவர்களுக்காகத் தூக்கத்தைத் தொலைப்பாரா?

வரிக்குதிரை:
மாநில வாக்கு இல்லாதது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம் குயின்ஸ்லாந்தில் ஒரு வாக்கு, பழைய சட்டமன்றம் இல்லை. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது, தீவு நாட்டின் ஒரு பகுதி, வரி போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று.

கடலோடி:
அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுச் செய்தார்களா என்பதுதான் கேள்வி. கிங்ஸ்டனில் பழைய சட்டமன்றத்தின் புல்வெளியில் பச்சை வண்ணம் பூசிய மரக் கைகளை வரிசையாக நட்டுவைத்துத்தான் போராடினார்கள். ஐ.நா.வுக்கும் மனு போட்டார்கள், வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சனை வைத்து. தனி நாடு வேண்டும் என்பது அந்த மனுவின் கோரிக்கை அல்ல, தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் எங்களைச் சேருங்கள் என்பதுதான்.

வரிக்குதிரை:
நாளைக்கே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான ஓடுதளத்தைப் புதுப்பித்தது கான்பெர்ரா பணம். அடுத்த முறை யார் தருவார்கள்?

கடலோடி:
இப்போது வருமான வரி கட்டுகிறார்களே, அதிலிருந்து. மற்ற ஆஸ்திரேலியர்களின் ஓடுதளத்துக்கு மட்டும் வானத்திலிருந்தா பணம் விழுகிறது?