யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்ததுண்டா? (மும்பை அம்மாக்கள்)

டோம்பிவிலிக்காரி:
சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளம் முழுகினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். போன ஜூலை, சாயங்கால லோக்கல் ரயில், லேடீஸ் டப்பா (பெண்கள் பெட்டி), மூன்று பேர் சீட்டில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொள்கிற நாலாவது இடம். வண்டி நின்றுவிட்டது. பையனை விட்டிருக்கும் பாள்ணாகர் (குழந்தைகள் காப்பகம்) எட்டு மணிக்கு மூடும். "நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க" என்று அவருக்கு மெசேஜ் போட்டேன். போனதா என்று பார்ப்பதற்குள் போன் செத்துப்போனது.

பதறியிருக்க வேண்டும். எதிரே ஒரு மராட்டி அம்மாள் மடியில் பேப்பர் விரித்துக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, பாதியை அள்ளி என் துப்பட்டாவில் போட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் நுனி கிள்ளினேன். "அம்மா" என்று கூப்பிட ஆளில்லை, மேனேஜர் இல்லை, குக்கர் விசில் எண்ண வேண்டாம். வண்டி நகர்ந்ததும் டப்பா முழுக்க ஒரே சந்தோஷக் கூச்சல். எனக்கு மட்டும் அழுகை வந்தது. பையன் பத்திரமாக வீட்டில்தான் இருந்தான், அது வேறு. நான் ஏன் அழுதேன்?

முலுண்ட்:
தப்பாக நினைக்காதீர்கள், படித்ததும் கோபம்தான் வந்தது. பிள்ளை எங்கே என்று தெரியாமல் கொத்தவரங்காயா? மழைக்காலத்தில் பவர் பேங்க் இல்லாமல் யாராவது கிளம்புவார்களா?

செம்பூர் வீட்டுக்காரி:
முலுண்ட், அவர் பவர் பேங்க் பற்றியா கேட்டார்? ஆனால் டோம்பிவிலி, உங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. உங்களுக்காவது போக வர ரயில் இருக்கிறது. வீட்டிலேயே இருப்பவளுக்கு அதுவும் கிடையாது. எனக்கு இருந்தது பாத்ரூம்தான். எங்கள் கட்டடத்தில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். பக்கெட்டில் விழும் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது. ஒருநாள் தண்ணீர் நின்றது தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். கதவுக்கு அடியில் பாதி பார்லே-ஜி உள்ளே வந்தது. மீதிப் பாதியை அவள் கடித்திருந்தாள். மூன்று வயது. ஒன்றும் பேசவில்லை, விரல் மட்டும் தெரிந்தது.

மாட்டுங்கா மாமி:
1992-ல் சர்ச்கேட்–போரிவ்லி லேடீஸ் ஸ்பெஷல், பெண்களுக்கு மட்டுமான லோக்கல், விட்ட புதிதில் நான் போரிவ்லியில் ஏறுவேன். தலைகூட வாராமல்தான் ஓடுவேன். ஒருநாள் பின்னால் நின்ற குஜராத்திப் பெண் கேட்காமலே என் முடியைப் பிடித்து இழுத்துப் பின்னிவிட்டாள். தாதரில் இறங்கிப் போய்விட்டாள், முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு என் தலையைத் தொட்ட முதல் கை அதுதான்.

நர்ஸ், சயான் பக்கம்:
என் கதை ஒரு வரிதான். நைட் டியூட்டியில் ஒரு பாட்டி "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டார், ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன்.

டோம்பிவிலி அக்கா, நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். காரணம் தேடும் முன் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை. சோகையோ தைராய்டு கோளாறோ இருந்தால் அசதியும் சிடுசிடுப்பும் வரும், நாம் அதை "என் குணமே இப்படி" என்று நினைத்துக்கொள்வோம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காபியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். பிரசவமான புதிதில் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், தானே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பிள்ளை பெரியவனாகிவிட்டாலும் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேச வழி உண்டு. அப்புறம் வீட்டுக்காரருக்கு மெசேஜ் போடுவதோடு நிறுத்தாதீர்கள், வாரத்தில் இரண்டு நாள் பாள்ணாகர் அவர் பொறுப்பு என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

முலுண்ட்:
ஃப்ரிட்ஜில் ஒட்டினால் எங்கள் வீட்டில் மாமியார்தான் முதலில் படிப்பார்.

டோம்பிவிலிக்காரி:
பவர் பேங்க் வாங்கியாயிற்று, முலுண்ட். ரத்தமும் டெஸ்ட் பண்ணியாயிற்று, ஹீமோகுளோபின் 9.4. மாமி, உங்கள் பின்னலைப் படித்துவிட்டு ஆபீசில் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

செம்பூர், ஒன்று கேட்கட்டுமா? அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டீர்களா?

செம்பூர் வீட்டுக்காரி:
சாப்பிட்டேன். தரை ஈரத்தில் ஊறிப்போயிருந்தது.