சபையில் பொறுப்பு வந்ததும் பெருமையும் கூடவே வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: கொயர் பெஞ்ச்

ஸ்தோத்திரம். கொயர் (பாடகர் குழு), ஓய்வுநாள் பள்ளி, சேகரக் கமிட்டி (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் குழு) என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பவர்களுக்காகக் கேட்கிறேன். "அழிவுக்கு முன்னானது அகந்தை" என்ற வேதவசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் திங்கள் முதல் சனி வரை அதை எப்படி நடைமுறைப்படுத்துவது? "நான் ஒன்றுமில்லை பிரதர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் தாழ்மையா?

பதில் 1: ஊசிக்கோபுரம்

தம்பி, இல்லை. கொலோசெயர் 2:23 அதற்கு "மாயமான தாழ்மை" என்றே பேர் வைத்திருக்கிறது. "ஒன்றுமில்லை" என்று சொல்கிறவரும் தன்னைப் பற்றித்தானே பேசுகிறார்?

பெருமை எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்று பாருங்கள். பண்டிகை நோட்டீஸில் பேர் விட்டுப்போன நாள், தனிப்பாட்டு வேறொருவருக்குப் போன நாள், வயதில் சின்னவர் "அந்த இடத்தில் சுருதி இறங்குது அண்ணாச்சி" என்று சொன்ன நாள். அன்றைக்கு முகம் எப்படி மாறுகிறது என்பதுதான் சோதனை.

உசியா ராஜாவை வாசியுங்கள், 2 நாளாகமம் 26. பதினாறு வயதில் ராஜாவாகி 52 வருஷம் ஆண்டவர். நன்றாகத்தான் ஆரம்பித்தார். "பலப்பட்டபோது" மனம் மேட்டிமையாகிறது. ஆசாரியர் மட்டுமே செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்யத் தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் போகிறார், ஆசாரியன் அசரியாவும் கூட 80 ஆசாரியர்களும் தடுக்கிறார்கள். நெற்றியில் குஷ்டம் தோன்றியது எப்போது? உள்ளே நுழைந்தபோது இல்லை, தடுத்தவர்கள்மேல் கோபப்பட்டபோது. திருத்துகிறவரிடம் கோபம் வருகிற அந்த நிமிஷத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் ஒரு பழக்கம் சொல்கிறேன். யாராவது திருத்தினால் உடனே விளக்கம் கொடுக்க வேண்டாம். "சரி, பாக்கிறேன்" என்று மட்டும் சொல்லி, ஒரு நாள் கழித்துப் பதில் சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதிதான் சரி என்றாலும் அந்தப் பாதிக்கு நன்றி சொல்லுங்கள்.

அடுத்தது மன்னிப்பு. நம்ம பக்கம் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். "தப்பா எதுவும் சொல்லியிருந்தா மன்னிச்சிக்கிடுங்க" என்பது மன்னிப்பு இல்லை. அந்த "இருந்தா"வில் பெருமை உட்கார்ந்திருக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேத்து கூட்டத்துல உங்க கணக்கைப் பாக்காமலே தப்புன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க." என்ன செய்தேன் என்பது அதில் இருக்க வேண்டும், "ஆனா" இருக்கக் கூடாது. பத்துப் பேர் முன்னால் பேசியதற்குத் தனியாகப் போனில் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது, அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். மத்தேயு 5:23-24ன்படி காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

பதில் 2: அசனப்பந்தி

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாராட்டு வந்தால் "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று ஒப்பிக்காமல், "நன்றி, ஆல்ட்டோ பாடினவங்கதான் பாட்டைத் தாங்கினாங்க" என்று உழைத்தவரைச் சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

அசனத்தில், அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், முதல் பந்திக்குப் பரிமாற ஆள் நிறைய இருக்கும். ஐயர் (சபைப் போதகர்) இருப்பார், போட்டோ எடுப்பார்கள். கடைசிப் பந்தியில் குழம்பு அடியில்தான் கிடக்கும், கரண்டி அண்டாவில் உரசும், காத்திருந்தவர்களுக்குக் கோபமும் இருக்கும். பொறுப்பில் இருப்பவர் அந்தப் பந்திக்கு நிற்கட்டும். எச்சில் இலை எடுக்கட்டும், அண்டா கழுவும் இடத்துக்கும் போகட்டும். வருஷத்துக்கு ஒருநாள் செய்தால் அது வெறும் காட்சி. வாராவாரம் ஆலயத்தில் பாய் சுருட்டுவது, பெஞ்ச் துடைப்பது என்று யாரும் கவனிக்காத ஒரு வேலை வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தாழ்மை என்பது நமக்கு நாமே எடுத்துக்கொள்வது. மருமகளிடமும் வேலைக்காரரிடமும் சபை ஊழியரான உபதேசியாரிடமும் "தாழ்மையா இரு" என்று கேட்டு வாங்குவது அதிகாரம். கணக்கில் தவறு தெரிந்தும் தாழ்மையின் பேரில் வாய்மூடி இருப்பதும் சரியில்லை. மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் சொல்லும் மோசேதான் பார்வோன் முன்னால் நின்று பேசினார்.

பதில் 3: தேரிக்காடு

பெருமையைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் போனால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் மேட்டிமை குடியிருக்கிற முதல் வீடு அது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிவாரியாக ஆட்களைப் பிரிக்கச் சுவரே இருந்து, பிறகு இடிக்கப்பட்டது. கல்சுவர் போன இடங்களிலும், யார் வீட்டில் கை நனைப்போம், கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி என்ன என்பதில் அது நிற்கிறது. பிலிப்பியர் 2:3 "தங்களிலும் மேன்மையானவர்களாக" எண்ணச் சொல்கிறது. வீடு சந்திக்கப் போகும்போது, வழக்கமாகப் போகாத தெருவுக்கு முதலில் போங்கள். கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுங்கள்.

கொடுப்பதிலும் பெருமை உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னால் பிஷப் ஆன அசரியா, 1910ல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளிடம் இதைத்தான் சொன்னார்: பொருளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று. உதவி செய்துவிட்டுச் சரிசமமாக உட்காராவிட்டால் அது மேலிருந்து கீழே போடுவதுதான்.

கொயர் பெஞ்ச்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. அசன ஏலத்தில் (காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவது) பேர் வாசிப்பது, கொடுத்தவர் பேரோடு சுவரில் உபயம் கல் பதிப்பது, இதற்கு என்ன செய்வது?

ஊசிக்கோபுரம்:

ஏலத்தில் கேட்பது தப்பில்லை. எதிராளியைப் பார்த்து விலை ஏற்றுகிறோமா, பொருளைப் பார்த்தா என்று மட்டும் கவனியுங்கள். வீட்டிலேயே ஒரு தொகையை முடிவு செய்துகொண்டு போங்கள். அதற்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள், மீதி இருப்பதை உறையில் பேர் எழுதாமல் சாதாரணக் காணிக்கைப் பையில் போடுங்கள். பேர் சொல்ல வேண்டாம் என்று கணக்கரிடம் போய்ச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.

கல் பற்றிக் கேட்டீர்கள். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1901ல் வந்து 1951ல் மரிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பி.