கலங்கலை அடைக்க வந்தவர்கள்

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்திலிருந்து மாம்பாக்கம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். நான் வளர்ந்த காலத்தில் இங்கே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்தது. எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்தன. அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டதால் எங்கள் நஞ்சைகள் மனைகளாயின. நிலத்தை விற்றவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் பணம் வேண்டி விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்கியவர்களும் வங்கிக் கடனில் வாங்கியவர்களே. ஆனால் குடிவந்த இடத்தில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்றுகூடக் கேட்காமல், ஊரே தங்களுக்கு இடைஞ்சல் என்பதுபோல் நடந்துகொள்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஏரி நிறைந்தால், மிகுதி நீர் வெளியேறக் கரையில் கட்டிய கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் இறங்கி, கீழே உள்ள ஏரிகளுக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கடைசியில் கடலுக்குப் போகும். கோடையில் மாட்டு வண்டியை இறக்கி ஓட்டும் அளவுக்கு அகலமாக இருந்தது அந்தக் கால்வாய். இன்று அதன் குறுக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் நிற்கிறது. சுவருக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாய் பதித்திருக்கிறார்கள். அதன் வாயில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

2015 டிசம்பர் பெருமழையின்போது அந்தக் குடியிருப்பிலிருந்து சிலர் மணல் மூட்டைகளோடு கலங்கலுக்கு வந்துவிட்டார்கள். ஏரித் தண்ணீரைக் கவனித்து முறைப்படுத்தும் எங்கள் ஊர் நீர்க்கட்டி, எழுபது வயதைக் கடந்தவர், குடைகூட இல்லாமல் கரையில் நின்று மடை மடையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவரே, எங்கள் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, ஏரியை யார் திறந்துவிடச் சொன்னது?" என்று ஓர் இளைஞர் அவரிடம் கத்தினார். "யாரும் திறக்கவில்லை தம்பி, நிறைந்த ஏரி தானாக வழிகிறது. இதை அடைத்தால் கரை தாங்காது, உடைந்தால் முதலில் போவது உங்கள் கட்டடம்தான்" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் கேட்பதாக இல்லை. ஒருவர் அங்கேயே நின்று அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் புகார் சொன்னார். ஊர் இளைஞர்கள் கூடிக் குறுக்கே நின்ற பிறகுதான் மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே சண்டை நடந்தது. ஆட்கள் மட்டும் வேறு, ஏனென்றால் பழையவர்களில் பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மற்ற உரசல்களும் உண்டு. ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது, பகல் பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிக் காவல்துறைக்குப் புகார் போனது. தெருவில் நின்ற மாடுகளைப் படம் பிடித்துப் புகார் அனுப்பினார்கள். அவை மேய்ந்த மேய்க்கால் புறம்போக்கில் இப்போது கட்டடங்கள் நிற்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. 2019 கோடையில் அவர்களுக்காக லாரி லாரியாகத் தண்ணீர் போனது எங்கள் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்துதான். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டியது.

புதிதாக வந்த எல்லாரையும் சேர்த்து நான் சொல்லவில்லை. ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இங்கே வரவேண்டும் என்று கேட்டவர்கள் அல்லர். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவில் போய்விட்ட அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கோபத்தில் பெரும்பங்கு, கால்வாயைப் பார்த்த பிறகும் கட்டட அனுமதி கொடுத்தவர்கள்மேலும், மனை விளம்பரத்தில் 'ஏரிக்காட்சி' என்று போட்டு விற்றவர்கள்மேலும்தான். அந்த விளம்பரத்தை நம்பி வந்தவர்கள் இப்போதாவது எங்களோடு நிற்க வேண்டும்.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தக் கால்வாய் இன்றும் நீர்வழிப் புறம்போக்காகவே இருக்கிறது. அதை அளந்து மீட்கக் கோரி அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம். அடுக்குமாடியிலிருந்து ஒரே ஒரு அம்மாதான் வந்தார். மற்றவர்களில் பலருக்கு வாக்கு இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கிறதாம். "கீழ்த்தளத்தில் குடியிருப்பவள் நான், அண்ணா. தண்ணீர் முதலில் என் வீட்டுக்குள்தான் வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஜனவரி 26 கூட்டத்துக்கு தன் குடியிருப்பின் மேல்மாடிகளில் உள்ளவர்களையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கால்வாயின் நில அளவை வரைபடத்தின் நகலை வாங்கி ஆளுக்கொன்று கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.