பள்ளியில் உங்கள் பெயரை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

மழைக்கால மல்லி:
2003. கொழும்புக்கு வந்து மூன்று மாதம். ஆறாம் ஆண்டு, ஆங்கில மொழிமூலம். இடாப்பில் நம் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். மிஸ் தமிழ் தெரியாதவர். முன்னால் இருப்பதுதான் பிள்ளையின் பெயர் என்று நினைத்து முதல் நாளே ‘கந்தசாமி’ என்று கூப்பிட்டார். எழுந்து ‘எஸ் மிஸ்’ என்றேன். திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வருடம் முழுக்க நான் கந்தசாமிதான்.

அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் தவணைப் பெற்றோர் கூட்டத்தைத்தான் மறக்க முடியவில்லை. அப்பா தவறி ஒன்பது மாதம். அம்மா என் தேர்ச்சி அறிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மிஸ் சிரித்த முகத்தோடு, கந்தசாமி கெட்டிக்காரி, ஆனால் ஓயாமல் கதைக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதில் அவருக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். என் பக்கம் திரும்பி, “அப்பாவைப் பற்றி என்ன சொல்லுறா?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை அம்மா” என்றேன்.

கொழும்பு 13:
வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை அக்கா.

என்னுடையது சின்னக் கதை. பெயர் அறிவழகன். பரிசளிப்பு விழாவில் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து வாசித்த சேர் ஒலிவாங்கியில் ‘அரிவாலகன்’ என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து உயர்தரம் முடியும் வரை பள்ளியில் எனக்கு ‘அரிவாள்’ என்றுதான் பெயர். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காக வாங்கிய பரிசு அது. அப்பா பின் வரிசையில் இருந்தார். அந்தப் பெயரை அவர்தான் தேடி வைத்தவர்.

மருதானை மகள்:
தமிழ் தெரியாத ஆசிரியர்களையே எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கு இதைச் செய்தவர் தமிழ் படிப்பித்த டீச்சர்.

என் பெயர் ஃபர்ஹானா. இடாப்பில் ‘பர்கானா’ என்று எழுதினார், அப்படியேதான் கூப்பிட்டார். ஃப, ஹ எல்லாம் தமிழில் வராது, இப்படித்தான் எழுத வேண்டும் என்றார். ஒன்பது வயதில் நான் என்ன பதில் சொல்ல? வாப்பாவிடம் சொன்னேன். வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் கடை. கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதித் தந்தார். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியையும் அழுத்தி அழுத்திப் போட்டிருந்தார், தாளின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது. டீச்சர் அதை வாங்கித் திருப்பி, பில் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “உங்கட வாப்பா துணியா விக்கிறார்?” என்று கேட்டார். என் பெயரை வாசிக்கவே இல்லை.

‘நம் பெயர்’ என்று எழுதும்போது எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறோம்.

இளைப்பாறிய ஆசிரியை:
பிள்ளைகளே, கொட்டாஞ்சேனைப் பக்கம் நீண்ட காலம் படிப்பித்தவள் நான். மருதானை மகளுக்கு முதலில்: அந்த டீச்சர் செய்தது பிழை. கிரந்த எழுத்து வேண்டாம் என்பது கட்டுரை எழுதும்போது ஒருவருடைய விருப்பமாக இருக்கலாம். ஒரு பிள்ளையின் பெயரில் அதைக் காட்டக் கூடாது.

ஆனால் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் என் வகுப்பில் 43 பிள்ளைகள். பட்டியல் ஆங்கிலத்தில்தான் வரும். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது, ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான், ர, ற இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு நாங்கள் ஒரு மாதிரி எழுதுகிறோம், இந்தியாவில் இன்னொரு மாதிரி எழுதுகிறார்கள். கஜனுக்கு முதல் எழுத்து ‘கே’யா ‘ஜீ’யா என்று வீட்டுக்கு வீடு வேறு. நானே ‘சாருமதி’ என்ற பிள்ளையை ‘சருமதி’ என்று ஒரு வருடம் கூப்பிட்டேன். கடைசி நாள் வாழ்த்து அட்டையில் தன் பெயரை எழுதி, ‘சா’வின் காலுக்குக் கீழே மட்டும் சிவப்பில் கோடு போட்டிருந்தாள். அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.

இப்போது பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சிங்கள ஆசிரியருக்குப் பெயரை ஆங்கிலத்தில் கொடுக்காதீர்கள், சிங்களத்தில் எழுதிக் கொடுங்கள். அதில் நெட்டெழுத்துக்குத் தனிக்குறி உண்டு. ழ இல்லை. ல, ள இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து உண்டு, பேச்சில்தான் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் பிள்ளையைக் கையெழுத்து வைக்கச் சொல்லும்போது பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லோரும் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அடையாள அட்டைக்கும் அப்படித்தான், 15 வயதில் அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும், அதன் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதற்காகச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி (எழுத்து மூல உறுதிமொழி) முடித்துக்கொண்டு அலையும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரத்தோடு பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

களனிப் பாலம்:
ரீச்சர், 43 பிள்ளைகள் என்பது விளங்குகிறது. ஆனால் ஐந்து நிமிட வேலை என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையும் பெற்றோரும்தான் பார்க்க வேண்டுமா? எழுதுகிறவர் ஒரு தரம் கேட்கக் கூடாதா?

நீங்கள் சொன்ன அதே சிங்கள எழுத்தில்தான் எனக்கு நடந்தது. 2008. ரியூசன் முடிந்து இரவு எட்டு மணிக்கு வருகிறேன், சோதனைச் சாவடி. அந்த நேரம் கொழும்பில் தமிழ்ப் பெடியன் கையில் அடையாள அட்டையோடு பள்ளிக் கடிதமும் இருந்தால் நல்லது என்று வீட்டில் தந்துவிடுவார்கள். என் பெயர் ரவீந்திரன். அட்டையில் ‘வீ’ நெடில். பள்ளியில் எழுதித் தந்த கடிதத்தில் ‘வி’ குறில். சிங்களத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் எழுத்துக்கு மேலே ஒரு சின்னச் சுழி, அவ்வளவுதான். அந்தச் சிப்பாய் டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தினார். நானும் அந்த விரலோடு போனேன். ர… அந்தச் சுழியில் விரல் நின்றது.

ஒரு மணி நேரம் வீதியோரம் நிற்க வைத்துவிட்டு விட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் என் பெயரில் எந்த இடத்தில் அந்தச் சுழி வரும் என்று இன்றும் எந்தப் படிவத்திலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு இது தெரியவே வராது.

இளைப்பாறிய ஆசிரியை:
தம்பி, நீங்கள் சொல்வது சரி. கேட்டிருக்க வேண்டும். நானும் எல்லா நாளும் கேட்டதில்லை.

மழைக்கால மல்லி:
மருதானை மகள், ‘நம்’ என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் வாப்பா எழுதித் தந்த தாள் இன்னும் இருக்கிறதா?

மருதானை மகள்:
இல்லை. டீச்சர் திருப்பித் தரவில்லை.

தெகிவளை அப்பா:
ஒரு வாரமாக வாசிக்கிறேன், எழுதவில்லை. என் மகள் யாழினிக்கு ஏழு வயது. போன சனிக்கிழமை பேக்கரியில் பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லப் போனோம். மேலே எழுதப் பெயர் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவளே “யலினி” என்றாள். வீட்டில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏன் அம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “மிஸ் அப்பிடித்தான் கூப்பிடுவா அப்பா, அதுதான் சரியாம்” என்றாள்.

கடைக்காரரிடம் நானே திருத்திச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், நான்தான் பிழையாகச் சொல்வது போல.

நாளை பெற்றோர் கூட்டம். ரீச்சர் சொன்னபடி சிங்களத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ‘யா’வுக்கு நெட்டெழுத்துக் குறி போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு சிங்கள அக்காவிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். சரியாக வாசித்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.